கையில் கண்ணாடி இருக்கும்போது

என் அக்காவின் கணவர் கண்ணாடி வெட்டுபவர். கோடு கிழித்துத் தட்டினால் கண்ணாடி அவர் பேச்சைக் கேட்கும். அக்காவின் பேச்சைத்தான் அவர் கேட்கமாட்டார். மறுத்துப் பேசினாலாவது பரவாயில்லை. அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தாலே மாமா வெளியே கிளம்பச் செருப்பைத் தேடுவார். அரை நாள் கழித்து, ஒன்றும் நடக்காதது போல வந்து சாப்பிட உட்காருவார்.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, பையைக்கூடப் பிரிக்காமல் அவர்கள் பட்டறை மாடியில் தங்கியிருந்தேன். அக்காவுக்கு வெளியூரில், ஜன்னல் செய்யும் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளர் வேலை கிடைத்திருந்தது. வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வரமுடியும். போகட்டுமா என்று மாமாவிடம் கேட்டாள். "உன் இஷ்டம்" என்று செருப்பை மாட்டினார். அன்றோடு பேச்சு நின்றது. சாப்பாடு ஆகிவிட்டது என்று சொல், பசியில்லை என்று சொல், நடுவில் நான். பாஷை தெரியாத நாடுகளில்கூட நான் இவ்வளவு மொழிபெயர்த்ததில்லை. கம்பெனிக்குப் பதில் சொல்லவேண்டிய நாளும் வந்துவிட்டது.

அன்று சலூனில் ஓர் ஆளுயரக் கண்ணாடி மாட்டவேண்டியிருந்தது. பெரிய கண்ணாடி என்றால் இருவரும்தான் தூக்குவார்கள். மாமா பின்பக்கமாக நடப்பார். படி, பள்ளம், நாய் எல்லாவற்றையும் அக்கா சொல்லிக்கொண்டே வருவாள். அன்று அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. நான் கத்திக்கொண்டே நடக்க, தெருவே வேடிக்கை பார்த்தது.

சலூன் வாசலில் அக்கா நின்றுவிட்டாள்.

"இப்பச் சொல்லுங்க. நான் போகவா, வேணாமா?"

மாமா குனிந்து காலைப் பார்த்தார். செருப்பு காலிலேயே இருந்தது. ஆனால் கையில் இருக்கும் கண்ணாடியைப் போட்டுவிட்டுப் போகமுடியாது.

"முதல்ல இத உள்ள வைப்போம்."

"வச்சதும் நீங்க போயிருவீங்க."

பாதி முடி வெட்டிய ஒருவர் கழுத்துத் துணியோடு எழுந்து வந்து வாசலில் நின்றார். அவரை உள்ளே போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் பதில் தெரியவேண்டியிருந்தது.

"நீ போயிட்டா இந்தக் கண்ணாடியெல்லாம் யாரு பிடிப்பா?"

"அதுக்கு ஆள் வச்சுக்கலாம். வேற சொல்லுங்க."

மாமா பிடியை மாற்றிக்கொண்டார். "நான் இல்லாம இருக்க உனக்குப் பழகிரும். அதான் பயம்" என்றார்.

இந்த ஒரு வரிக்காகவா இத்தனை நாள் என் உயிரை வாங்கினார்கள்?

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு, "பின்னாடி ஒரு படி. பாத்து" என்றாள்.

அக்கா இப்போது அந்த வேலைக்குப் போகிறாள். வாரக் கடைசியில் வந்ததும் சண்டையும் வந்துவிடும். மாமா செருப்பைத் தேடுவதற்குள் அக்கா பட்டறையில் இருக்கும் பெரிய கண்ணாடியின் ஓர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுவாள். அவரும் முணுமுணுத்தபடி வந்து மறு ஓரத்தைப் பிடிப்பார். நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினால் என்ன என்று நானும் தொண்டை வற்றச் சொல்லிவிட்டேன். கேட்டால்தானே.