நம்பர் போட்ட அரண்மனை

மாத்தளை ஸ்டேஷன். இந்தியாவுக்கு அனுப்பப்படும் தோட்டத்துச் சனங்களை ஏற்றிக்கொள்ள ரயில் நிற்கிறது. மேடையெங்கும் அழுகை. கண்டிக்குப் போக வந்த நான் அவர்களுடைய மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு மூட்டைத் துணியில் பாதித் தூண், இன்னொன்றில் மயிலின் கழுத்து, வேறொன்றில் சிம்மாசனத்தின் கால். எல்லாம் ஒரே தூரிகையின் வேலை. ஒவ்வொன்றின் மூலையிலும் தாரால் ஒரு நம்பர்.

மூட்டைகளைத் தூக்கிக் கொடுக்கிறவர் சிவலிங்கம். இரத்தோட்டைப் பக்கத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் பாழடைந்த ஒரு லயக் காம்பராவின் சுவரை இடித்து நாடகக் கொட்டகை ஆக்கியவர்கள் இவரும் இந்த மூட்டைக்காரர்களும். தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து ஒத்திகை பார்த்தவர்கள். யாரிடமும் டிக்கெட் கேட்டதில்லை. சிவலிங்கத்தின் குடியுரிமை மனுவுக்கு மட்டும் இலங்கை, இந்தியா இரண்டு நாட்டிலிருந்தும் இன்னும் பதில் வரவில்லை.

"இது எங்க தர்பார் சீன் திரைங்க. நான் வரஞ்சது. மூட்ட கட்டத் துணியில்லாம நின்னாங்க. வெட்டிக் குடுத்துட்டேன்."

"நம்பர் எதுக்கு?"

"அங்க போயி சேத்துத் தைக்கிறதுக்கு."

டிரங்குப் பெட்டிகளில் எழுதியிருக்கும் ஊர்களைப் படிக்கிறேன்: திருச்சி, சேலம், கோத்தகிரி, மதுரை. பெட்டிக்கொரு ஊர். இதை இவரிடம் எப்படிச் சொல்வது?

சிவலிங்கமும் பெட்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"தெரியும்ங்க," என்கிறார். "நம்பர் போட்டாத்தான் வெட்டக் கை வந்திச்சு."