நல்ல காய் விதைக்கு

விதை உரிமை பற்றி விவசாயிகளிடம் பேசப் போவது என் வேலை. ஒலிபெருக்கி இருக்கும் இடத்தில் ஆட்கள் இருக்க மாட்டார்கள், ஆட்கள் இருக்கும் இடத்தில் மின்சாரம் இருக்காது. எதையாவது விளக்கிச் சொல்வதற்காக ஊர் ஊராகப் போய், பிளாஸ்டிக் நாற்காலிகளை நீங்களே விரித்துப் போட்டு, நீங்களே அடுக்கியும் வைத்திருந்தால் இதற்கு மேல் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் சிறிய அமைப்பின் அலுவலகம் தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரு பூக்கடையின் மாடியில் இருக்கிறது. கூட்டங்கள் பெரும்பாலும் பந்திங், கிள்ளான் பக்கம்.

எதை வாங்க வேண்டும்?

பந்திங்கில் ஒரு தேவாலயத்துக் கூடத்தில் பேசினேன். வந்திருந்தவர்கள் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு நிலங்களில் காய்கறி போடுகிறவர்கள். புதிய பயிர் ரகத்தை உருவாக்கியவர் அதைத் தன் பெயரில் பதிவு செய்யலாம், பிறகு அவர் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அந்த விதையைப் பெருக்கி வியாபாரம் செய்ய முடியாது, இந்த உரிமை கம்பெனிகளுக்கு மட்டுமல்ல, விவசாயிக்கும் உண்டு என்றேன். எல்லோரும் மிகுந்த மரியாதையுடன் கேட்டார்கள். அந்த மரியாதைதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது. இந்தப் பக்கம் பேனரோடு வருகிறவர்கள் ஒன்று உரம் விற்பார்கள், இல்லையென்றால் காப்புறுதி பாலிசி. முன்வரிசையில் அந்தோணி அண்ணன் உட்கார்ந்திருந்தார். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டிவிட்டு, பிறகு மனைவியோடு விவசாயத்துக்கு வந்தவர். கடைசியில் அவர் கை தூக்கினார்.

“நல்லா பேசுனீங்க மிஸ். இப்ப நாங்க எதை வாங்கணும்னு சொல்லுங்க, வாங்கிட்டுப் போயிடறோம் லா.”

எப்படி உருவாக்கினீர்கள்?

கூட்டம் கலைந்த பிறகும் அவர் மனைவி மேரி அக்கா நின்றுகொண்டிருந்தார். பையிலிருந்து ஒரு கத்திரிக்காயை எடுத்து என் கையில் வைத்தார். நீளமான காய், வெளிர்பச்சையில் ஊதா வரிகள். மழைக்காலத்தில் பக்கத்து நிலங்களில் செடிகள் வாடி விழும்போதும் இது நிற்குமாம். கிள்ளானில் விதைக் கடை வைத்திருக்கும் ஒருவர் இதைப் பாக்கெட்டில் போட்டு விற்கக் கேட்கிறாராம். “அவரு பேர்ல எழுதிக்கிட்டாருன்னா, நாளைக்கு ‘என் கத்திரியை நீ எப்படிப் போட்ட’ன்னு என்னையே கேப்பாரா மிஸ்?” என்றார் அக்கா. அப்படி யாரும் கேட்க முடியாதபடி முதலில் உங்கள் பெயரில் பதிந்துவிடலாம் என்றேன்.

ரகம் எவ்வாறு உருவாக்கப்பட்டது என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. அக்கா யோசித்தார். “நல்ல காயைப் பறிக்காம விட்டேன். பழுத்ததும் விதை எடுத்தேன். வேற என்ன?” நான் அதை அலுவலக மொழியில் நீட்டி எழுதிக்கொண்டிருந்தேன். அந்தோணி அண்ணன் குனிந்து பார்த்தார்.

“நல்ல காய் விதைக்கு, மிச்சம் பாசாருக்கு, சொத்தைக் காய் எனக்கு. கல்யாணம் ஆனதுலேருந்து இப்படித்தான். அதையும் சேர்த்து எழுதிக்குங்க மிஸ்.”

கிள்ளான் கடை

ஒரு தந்திரக்காரரை எதிர்பார்த்துத்தான் அந்த விதைக் கடைக்குப் போனேன். அவர் மின்விசிறிக்கு நேரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காரச் சொன்னார். தேநீர் வந்தது. தன் அம்மா வீட்டுக் கொல்லையிலும் மேரி அக்காவின் செடிதான் நிற்கிறது என்றார். பதிவு முடியும் வரை பொறுத்திருங்கள் என்றேன். தாராளமாகப் பொறுக்கிறேன் என்றார். நான் கிளம்பும்போதுதான் கேட்டார். குரலில் கோபமே இல்லை.

“போற வர்றவங்களுக்கெல்லாம் அந்த அக்கா விதையைச் சும்மா அள்ளிக் குடுக்குது. அப்பல்லாம் வராத சட்டம், நான் பாக்கெட் எடுத்ததும் வருதா மிஸ்?”

வெறுங்கை

பதிவு அலுவலகத்து அதிகாரி நேரில் வந்து பார்க்கும் நாள் முடிவானது. மற்ற ரகங்களிலிருந்து இந்தக் கத்திரி எப்படி வேறுபடுகிறது என்பதைச் செடியிலேயே பார்த்து, அளந்து, படம் எடுக்க வேண்டும். இந்த வாரம் காயை விற்க வேண்டாம் என்று அக்காவிடம் பலமுறை சொல்லியிருந்தேன்.

அக்கா ஒரு காயையும் விற்கவில்லை. காலையில் நானும், மலாய்க்கார அம்மையாரான அந்த அதிகாரியும் போய் இறங்கியபோது நிலம் கூட்டிப் பெருக்கியதுபோல் சுத்தமாக இருந்தது. வரிசை வரிசையாகச் செடிகள். ஒன்றில்கூடக் காய் இல்லை. வாசலில் பிளாஸ்டிக் பைகள் கட்டித் தயாராக இருந்தன. அதிகாரிக்கு இரண்டு, எனக்கு இரண்டு, காரோட்டிக்கு ஒன்று. “அவ்வளவு தூரத்துலேருந்து வர்றவங்கள வெறுங்கையோட அனுப்புறதா?” என்றார் அக்கா. விற்க வேண்டாம் என்று சொன்ன நான், பறிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை.

நிலைமையை நான் மலாயில் விளக்கினேன். அரசாங்க அதிகாரி அந்தப் பைகளை வாங்கவும் கூடாது. அக்காவின் முகம் சிறுத்துவிட்டது. “எல்லாம் போச்சா மிஸ்? இனிமே கடைக்காரருதான் எழுதிக்குவாரா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி வெறும் செடிகளுக்கு நடுவே ஒரு சுற்று நடந்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார், பூவைத் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்து, அக்கா கொடுத்த தேநீரை மட்டும் வாங்கிக்கொண்டு, மலாயில் மெதுவாகச் சொன்னார்.

“ஒன்றும் போகவில்லை அக்கா. பூ இருக்கிறது, காய் வரும், நானும் மறுபடி வருவேன். அன்றைக்கு மட்டும் எனக்கு எதுவும் தந்துவிடாதீர்கள்.”

பாக்கெட்டின் பின்பக்கம்

அதிகாரி மறுபடி வந்தார். அளந்தார், படம் எடுத்தார். அந்தக் காலை முழுவதும் மேரி அக்கா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டே நின்றார். பல மாதங்கள் கழித்துக் கத்திரி அக்கா பெயரில் பதிவானது.

அடுத்து கடைக்காரர் ஒரு மாதிரிப் பாக்கெட்டோடு அக்கா வீட்டுக்கு வந்தார். அக்கா கேட்டுக்கொண்டதால் நானும் போயிருந்தேன். வேண்டாம் என்றும் சொல்லலாம், விற்பனையில் பங்கும் கேட்கலாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். அக்கா பாக்கெட்டைத் திருப்பினார். பின்பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“பங்கு மிஸ் சொல்றபடி குடுங்க தம்பி. ஆனா இங்க, ‘நல்ல காய்ல விதை எடுத்து வச்சுக்குங்க, கேக்கறவங்களுக்கும் குடுங்க’ன்னு போடணும். போடலன்னா விதை தரமாட்டேன்.”

“அப்படிப் போட்டா அடுத்த வருஷம் என்கிட்ட யாரு அக்கா வாங்குவா?” என்று கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்காவின் பதிலைக் கேட்ட பிறகுதான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“விதை எடுக்க மறந்துபோறவங்க நாட்டுல நிறைய பேரு இருக்காங்க தம்பி. நீங்க பயப்படாதீங்க.”

இந்த வேலையில் பதவி உயர்வு கிடையாது. ஆனால் என் வீட்டில் கத்திரிக்காய்க்கு மட்டும் இதுவரை பஞ்சம் வந்ததில்லை.