மேல்மண் இடப்பக்கம்

பொக்லைன் இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்த முதல் நாளே எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. எனக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய ஆபரேட்டர் கற்றுக்கொடுக்கப் போவதில்லை என்பதுதான் அது.

அவனுக்கும் என்மேல் சந்தேகம்தான். இரண்டாவது இயந்திரம் வரப்போகிறது, அதற்கு ஆள் வேண்டும் என்று சூப்பர்வைசர் என்னைச் சேர்த்திருந்தார். ஆபரேட்டரோ, தன்னை அனுப்பிவிட்டு என்னை உட்காரவைக்கப் போகிறார்கள் என்று நினைத்தான். டீசல் எங்கே போகிறது என்று வேவு பார்க்க வந்த ஆளாக இருப்பேனோ என்றும் ஒரு கண் வைத்திருந்தான். சாப்பிடப் போனால்கூடச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வான். சேலம் பக்கத்துக்காரன், என் வயதுதான் இருக்கும். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பான்.

நான் வெளிநாட்டிலிருந்து திரும்பி எட்டு மாதம் ஆகியிருந்தது. வெளிநாட்டில் பிழைப்பவனைக் கூத்தாநல்லூரில் சபுராளி என்போம். சபுராளி ஊருக்கு வந்தால் முதல் மாதம் விருந்துக்குக் கூப்பிடுவார்கள். மூன்றாவது மாதம் "பயணம் எப்ப?" என்று கேட்பார்கள். ஆறு மாதம் தாண்டினால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், ஒரு மாதிரி பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் இந்த வேலையைப் பிடித்தேன்.

"அங்க என்ன வண்டி ஓட்டினீங்க பாய்?" என்று சூப்பர்வைசர் கேட்டார். கிடங்கில் மூட்டை தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் என்றேன். அது உண்மை. "எல்லாம் மெஷின்தானே, நாலு நாள்ல கைக்கு வந்துரும்" என்றார். அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன்.

வற்றிக் கிடந்த ஒரு குளத்தில்தான் பழகினேன். இரண்டு கைக்கும் இரண்டு லீவர். தோள், முழங்கை, மணிக்கட்டு என்று மனிதக் கைக்கு உள்ளதெல்லாம் இயந்திரத்தின் கைக்கும் உண்டு. ஆனால் என் கை நான் நினைத்ததைச் செய்யும், அது செய்யாது. தூக்க நினைத்தால் சுற்றும். சுற்ற நினைத்தால் எதிரே நிற்கும் கருவேல மரத்தைப் போய் முட்டும். இதைவிடப் பெரிய தொல்லை பள்ளத்தின் அடிமட்டம். மண் அள்ளும் பக்கெட்டை நம் பக்கம் இழுத்தால் அது ஊஞ்சல் ஆடுவதுபோல வளைந்துதான் வரும், நடுவில் அதிகமாகத் தோண்டிவிடும். அடி நேராக வர வேண்டுமென்றால் முழங்கையை இழுக்க இழுக்கத் தோளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டே வர வேண்டும். ஆபரேட்டர் இதைச் சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. மண்டைக்கு ஏறியது, கைக்கு இறங்கவில்லை.

அவன் வயல்களில் பள்ளம் எடுக்கும்போது பக்கத்தில் நின்று கவனிப்பேன். முதல் ஒரு முழம் மண்ணை இடப்பக்கம் கொட்டுவான். அதற்குக் கீழே வருவதையெல்லாம் வலப்பக்கம் கொட்டுவான். எல்லாவற்றையும் ஒரே பக்கம் தள்ளினால் பாதி நேரத்தில் வேலை முடியும். இவன் எதற்கு அங்கும் இங்குமாகச் சுற்றுகிறான்? கை போகிற போக்கை நான் பிடித்துவிடக் கூடாதென்று வேண்டுமென்றே குழப்புகிறான் என்று முடிவுகட்டினேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்று அவனிடம் ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் கேட்கவில்லை.

அப்போது நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் வேலை நடந்தது. ஊரின் கடைசித் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் போக வேண்டும். ரோட்டோரத்தில் இடமில்லை. ஒரு அம்மாவின் வயலைக் குறுக்காக வெட்டித்தான் கொண்டுபோக வேண்டும். மூன்று மா நிலம், கணக்குக்கு ஒரு ஏக்கர். கணவர் இறந்தபின் அவருக்கு இருந்தது அதுதான், வேறு ஒரு குழி நிலம் இல்லை. இடுப்பளவுதான் தோண்டுவோம், தண்ணீர் வருவதற்குள் பழையபடி மூடித் தருவோம் என்று சூப்பர்வைசர் வாக்குக் கொடுத்தபின்தான் அந்த அம்மா கையெழுத்துப் போட்டிருந்தார். மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள். அந்தக் கடைமடை வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துசேர இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள். அதற்குள் வயல் வயலாக இருந்தால்தான் அவருக்கு நடவு.

ஐம்பது வயதிருக்கும். நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். கையில் ஒரு மூங்கில் கழி, அதில் தன் இடுப்பு உயரத்துக்கு ஒரு வெட்டு. வேலை தொடங்கும் முன்பே கழியோடு வரப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

வயலில் இறங்குகிற நேரத்தில் ஆபரேட்டரின் மாமனாருக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வந்தது. சாவியைச் சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட்டு, "அந்தம்மா வயலு மட்டும் இருக்கட்டும்ங்க. நான் ரெண்டு நாள்ல வந்து எடுத்துக்கறேன்" என்றான். என்னை மேலே வரவிடக் கூடாதென்றுதான் இப்படிச் சொல்கிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் பஸ் ஏறியதும் சூப்பர்வைசரிடம் போய், "நானே எடுத்துருவேன் சார், நாள் வேற இல்ல" என்றேன். அவருக்கும் அவசரம். சாவி என் கைக்கு வந்தது.

இரண்டு நாள் தோண்டினேன். கோணலாகப் போகவில்லை, அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. ஆனால் ஆழம் என் கட்டுக்குள் இல்லை. ஒரு இடத்தில் இடுப்பளவு, அடுத்த இடத்தில் மார்பளவு, இன்னோர் இடத்தில் கழுத்தளவு. மேலே கறுத்த களிமண், கீழே போகப் போக வெளிறிய மஞ்சள் மண் வந்தது. எல்லாவற்றையும் ஒரே பக்கமாகக் கொட்டினேன். அக்கா கழியைப் பள்ளத்தில் விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். கழியின் வெட்டும் உள்ளே மறைந்த இடங்களில் நின்று என்னைப் பார்த்தார். ஒருமுறை மஞ்சள் மண்ணைக் கிள்ளி மோந்து பார்த்தார், நாக்கில் வைத்துத் துப்பினார். கேஸ் வாசனை வருகிறதா என்று சோதிக்கிறார்போல என்று நினைத்தேன்.

நான் அப்படி நினைத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் பள்ளம் என்றால் சும்மா விடமாட்டார்கள். எண்ணெய்க்கா, கேஸுக்கா, எந்த ஊரில் போய் முடிகிறது என்று நூறு கேள்வி வரும். வயலுக்கடியில் என்னென்னவோ கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம் ஊர் ஊராக உண்டு. பயப்படுகிறவர்களைக் குறைசொல்ல என்னால் முடியாது, நானும் அந்த மண்ணில் பிறந்தவன்தான்.

மூன்றாம் நாள் காலை இருபது பேர் வரப்பில் நின்றார்கள். இரண்டு பேர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எஞ்சினை நிறுத்துங்க பாய்" என்றார் அக்கா. "இடுப்பளவுன்னு சொன்னீங்க. இது கழுத்தளவு இருக்கே. குடிதண்ணிக் குழாய்க்கு எதுக்கு இம்புட்டு ஆழம்?"

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "குடிதண்ணிதாங்க. நம்ம பாய் வெளிநாட்டுல பத்து வருஷம் மெஷின் ஓட்டினவரு. அளவு தெரியாம எடுப்பாரா?"

அவர் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அளவு தெரிந்தவன் இவ்வளவு ஆழம் எடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். "அப்ப கேஸுக்குத்தான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வேலையை நிறுத்து, குழாயைத் திருப்பி அனுப்பு, ஆபீசரை வரச் சொல் என்று பேச்சு ஏறியது. வேலை நின்றால் பள்ளம் அப்படியே கிடக்கும். தண்ணீர் வந்தால் வயலில் நிற்காமல் பள்ளத்தில் இறங்கிவிடும். அக்காவின் முகத்தில் அந்தக் கலக்கம் தெரிந்தது.

நான் கீழே இறங்கினேன். "எனக்கு ஓட்டத் தெரியாதுக்கா. இப்பதான் பழகுறேன். ஆழம் என்னை மீறிப் போயிருச்சு" என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் உண்மை பேசியதில்லை.

ஒருவரும் நம்பவில்லை. "இப்படிச் சொல்லச் சொல்லி அனுப்பியிருக்காங்க" என்றார்கள். "கூத்தாநல்லூர் சபுராளி, மெஷின் தெரியாதாம்" என்று ஒருவர் சிரித்தார். "தெரியாதுன்னா ஏறித் தோண்டிக் காமிங்க, பாப்போம்" என்றார் இன்னொருவர்.

ஏறினேன். இருபது பேர் பார்க்க, எப்படியும் கோணல்மாணலாகத்தான் வரும் என்ற தைரியத்தில் லீவரைப் பிடித்தேன். என்ன ஆனதென்று இன்றுவரை தெரியவில்லை. மூன்று வாரமாக வராதது அன்று வந்தது. முழங்கை மடங்க மடங்கத் தோள் தானாக எழும்பியது. நாலு கெஜ நீளத்துக்கு, இடுப்பளவில், மட்டப்பலகை வைத்ததுபோல ஒரு பள்ளம். என் தலையெழுத்தை நொந்துகொண்டு கேபினிலேயே உட்கார்ந்திருந்தேன். தெரிந்தவன்தான் என்று கீழே ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

அக்காதான் முதலில் அசைந்தார். பக்கத்துக் குட்டையில் இருந்த டீசல் என்ஜினைப் போடச் சொன்னார். "பள்ளத்துல தண்ணி விடுங்க." சூப்பர்வைசர் தடுத்தார். "அப்புறம் நானே எறைச்சுத் தர்றேன்" என்றார் அக்கா.

தண்ணீர் பள்ளத்துக்குள் பரவியது. அரைமணி நேரத்தில் என் வண்டவாளம் முழுதும் தெரிந்தது. ஒரு இடத்தில் முழங்கால் தண்ணீர், பத்தடி தள்ளித் திட்டு, மறுபடி குழி, மறுபடி திட்டு. அன்று எடுத்த நாலு கெஜத்தில் மட்டும் தண்ணீர் ஒரே சீராக நின்றது. வருஷத்துக்கு இரண்டு முறை சேறடித்து மட்டம் பார்க்கிறவர்கள் அவர்கள். அந்த அடிமட்டத்தைப் பார்த்ததும் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"கேஸாவது ஒண்ணாவது. இதுல எந்தக் குழாயும் படுக்காது" என்றார் அக்கா. "பாவம், இவருக்கு உண்மையிலயே தெரியல."

கூட்டம் கலைந்தது. சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தார். எனக்கு உயிர் வந்தது. பிழைத்தோம் என்று கீழே இறங்கி வந்தபோது, அக்கா பள்ளத்தைப் பார்க்கவில்லை. நான் கொட்டிவைத்திருந்த மண்மேட்டைக் கழியால் கிளறிக்கொண்டிருந்தார். கறுப்பும் மஞ்சளும் ஒன்றாகக் குழைந்து கிடந்தன.

"மேல்மண்ணு எங்க பாய்?"

எனக்குக் கேள்வி புரியவில்லை.

"கீழ உள்ளது உப்பு. நாக்குல வச்சாலே கரிக்குது. மேல ஒரு முழந்தான் சோறு போடற மண்ணு. அத ஒரு பக்கம், இத ஒரு பக்கம் கொட்டுவாங்க. மூடும்போது உப்பு கீழ போவும், நல்ல மண்ணு மேல வரும். நீங்க எல்லாத்தையும் கலந்துட்டீங்களே."

முதலில் இடப்பக்கம், அப்புறம் வலப்பக்கம். ஆபரேட்டரின் கை என் கண்முன்னால் திரும்பித் திரும்பி வந்தது.

"கத்துக்கறதுக்கு என் வயலுதான் கெடைச்சுதா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் ஆபரேட்டர் வந்தான். மண்ணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நான் போடறத நின்னு பாத்தியே பாய்" என்றான். "பாத்தேன். நீ என்னைக் குழப்பறேன்னு நெனைச்சேன்" என்றேன். அவன் அடியை நேராக்கினான், நான் மண்வெட்டியோடு மண்ணைப் பிரித்தேன். அக்கா வரப்பில் உட்கார்ந்து "அது நல்லது, இந்தப் பக்கம்" என்று கழியால் காட்டிக்கொண்டே இருந்தார். ஐந்து நாளில் கட்டி கட்டியாக எடுத்தது போக மிச்சமெல்லாம் மாவாகக் கலந்தே கிடந்தது. நீலநிறக் குழாய் வந்தது, இறங்கியது. கையோடு மூடினோம். இரண்டு நாளில் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது.

இப்போது நான் முழு ஆபரேட்டர். மேல்மண் இடப்பக்கம், அடிமண் வலப்பக்கம், தூக்கத்திலும் கை தவறாது. நடவு முடிந்து ஒன்றரை மாதம் இருக்கும், குத்தாலத்தில் புது வேலைக்காகப் பஸ்ஸில் அந்த வழியே போனேன். எங்கும் பயிர் கறுகறு என்று நின்றது. அக்காவின் வயலில் மட்டும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, பழுத்து மஞ்சளாக ஒரு கோடு. கோணல் இல்லாத கோடு. அவர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார்.

பக்கத்து இருக்கையில் இருந்தவர் ஜன்னல் வழியே கையை நீட்டினார். "பாத்தீங்களா? குடிதண்ணின்னு சொல்லி கேஸ் குழாயப் பொதைச்சுட்டாங்க. அந்தச் சூட்டுலதான் பயிர் செத்துக் கெடக்கு. எவன் செஞ்ச வேலையோ."

"இருக்கும்ங்க" என்றேன்.