மேனேஜர் சொல்லாத ‘வாங்க’

கம்பெனி வாசலில் மேனேஜர் ஒரு பல்பைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வெளிச்சத்துக்காக அல்ல. பட்டப்பகலிலும் அதன் சுவிட்சை யாரும் அணைக்கக் கூடாது. எழுபதுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் போன கரண்ட் எப்போது வரும் என்பது கரண்ட் ஆபீஸ்காரர்களுக்கே நிச்சயமில்லாத சங்கதி. சொன்ன நேரத்துக்குத் தவறாமல் போகும், சொன்ன நேரத்துக்கு வராது. பல்பு எரிந்தால் வந்துவிட்டது என்று அர்த்தம். அதே தெருவில் எதிர்ச்சாரியில்தான் மேனேஜரின் வீடு. சாப்பிட உட்கார்ந்தாலும் பல்பு கண்ணில் படுகிற இடமாகப் பார்த்துத்தான் உட்காருவார். சோற்றைப் பிசைந்தபடியே இலையைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துச் சாப்பிடுகிற மனிதரை நான் அவரைத் தவிர வேறு எங்கும் கண்டதில்லை.

நான் அந்தப் பனியன் கம்பெனியில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று வேலையெல்லாம் விட்ட பிறகு, அருள்புரம் பக்கம் ஒரு கல்லூரியில் நிர்வாகம் படிக்கிற பிள்ளைகளுக்கு நேரத்தைக் கையாள்வது பற்றிப் பேச என்னை அவ்வப்போது கூப்பிடுகிறார்கள். கரண்ட் போன அடுத்த நொடி ஜெனரேட்டர் உறுமுகிற கட்டடத்தில் நின்றுகொண்டு நான் அந்தப் பல்பைப் பற்றிச் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கு அது கதை.

மேனேஜரும் ஒரு வகுப்புக்குப் போய் வந்தவர்தான். கோயமுத்தூரில் மேனேஜர்களுக்காக நடந்த பயிற்சி ஒன்றுக்கு முதலாளி அவரை அனுப்பிவைத்தார். திரும்பி வந்ததும் எங்களையெல்லாம் கூப்பிட்டு, கற்றதை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்: “அடுத்தவங்க செய்யக்கூடியத அடுத்தவங்ககிட்டக் குடுத்துப்போடோணும். நம்மளால மட்டும் ஆகறத நாம செய்யோணும். அவ்வளவுதானுங்க.” நல்ல பாடம். சொன்னபடி செய்யவும் தொடங்கினார். நூல் வாங்குவதை என்னிடம் விட்டார், ஆள் கணக்கைக் கட்டிங் மாஸ்டரிடம் விட்டார். மெயின் சுவிட்சின் சாவியை மட்டும் யாரிடமும் விடவில்லை. ஒரு தடவை கரண்ட் வந்த அவசரத்தில் ஃபிட்டர் எல்லா மோட்டாரையும் ஒரேயடியாகப் போட்டு, ஃபியூஸ் போய், அன்றைய பொழுதே வீணாகிவிட்டது. இனி மேனேஜரைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சாவி அவர் அரைஞாணில் ஏறியது. அத்துடன் அவருடைய பொழுதும் அதில் ஏறிக்கொண்டது என்பேன்.

அந்த வருடத் தீபாவளி நோம்பிக்குப் பம்பாய் வியாபாரி ஒருவருக்குச் சரக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லாரி ஏறாவிட்டால் சரக்கு நோம்பி முடிந்துதான் போய்ச் சேரும். சேர்ந்து என்ன பயன்? போனஸ் கிடையாது என்று முதலாளி வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். பவர் டேபிளில், அதாவது வரிசையாக மோட்டாரில் ஓடுகிற தையல் மெஷின்களில், கடைசிக் கட்டு தைக்கக் கிடந்தது. முந்தின நாளிலிருந்து கரண்ட் இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் மேனேஜரின் மகளைப் பெண் பார்க்க வெள்ளகோவிலிலிருந்து வருவதாக இருந்தது. ஒரே மகள். உறவில் ஒரு கல்யாணத்தில் பையனும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்திருந்தார்கள், அவளுக்கும் மனசு இருந்தது என்று மேனேஜரின் சம்சாரம், எங்களுக்கெல்லாம் அக்கா, என்னிடம் மெல்லச் சொன்னார். நானும் வந்து நிற்க வேண்டும் என்று அழைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வந்தவர்களை வீட்டுக்காரர் வாசலில் நின்று வாய் நிறைய ‘வாங்க’ என்று கேட்க வேண்டும், வரவேற்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பலகாரம் குறைந்தால் பொறுப்பார்கள், நகை குறைந்தாலும் பேசித் தீர்ப்பார்கள். ‘வாங்க’ன்னு கேக்கல என்றால் தீர்ந்தது. அண்ணன் தம்பி பத்து வருடம் பேசாமல் இருந்த கதைகளில் பாதி இதில் தொடங்கியதுதான்.

வெள்ளகோவில்காரர்கள் வருவதற்குத் தாமதமானது. மேனேஜர் வெள்ளை வேட்டி சட்டையில் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். அப்போது பல்பு எரிந்தது.

அவர் நகரவில்லை. தெருக்கோடியைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார். வீடுகளிலிருந்து டெய்லர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போய்க் கம்பெனி வாசலில் நின்றார்கள். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. விசேஷ வீடு என்று அவர்களுக்குத் தெரியும். சும்மா நின்றார்கள், அதுதான் அவரைப் பிடித்து இழுத்தது. “ஏனுங்க, இப்ப வந்துருவாங்க, செத்த இருங்க” என்றார் அக்கா. சாவியைக் கொடுங்கள், நான் போய்ப் போடுகிறேன் என்றேன். அவர் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தார். உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிடம் பார்த்தார். கொடுத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

“மனுசங்க கோவிச்சுக்கிட்டா சமாதானம் சொல்லிக்கலாமுங்க. கரண்டுக்கு யாரு போய்ச் சமாதானம் சொல்றது?” என்றார். பிறகு என் தோளைத் தொட்டு, “நீங்க நின்னு வாங்கன்னு கேட்டுப்போடுங்க. நான் போட்டுட்டு ஓடியாந்தர்றேன்” என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார்.

அவர் அந்தப் பக்கம் போக, வாடகைக் கார் இந்தப் பக்கம் திரும்பியது. நான் ஓடிப்போய்க் கும்பிட்டு, வாங்க, வாங்க என்று தொண்டை வற்றக் கேட்டேன். பையனின் அப்பா நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு என் தோளுக்கு மேலே வீட்டுக்குள் தேடினார். “நீங்க யாருங்க?” என்று கேட்டார். கம்பெனியில் கூட வேலை பார்க்கிறேன் என்றேன். வாழ்நாளில் அத்தனை சின்னதாகிப்போன பதிலை நான் சொன்னதில்லை.

பெண் காப்பி கொண்டுவந்து வைத்தபோது பவர் டேபிள் ஓடுகிற சத்தம் தெருவைத் தாண்டிக் கேட்டது. அக்கா முகம் வெளுத்து, இதோ வந்துருவாருங்க, இதோ வந்துருவாருங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அங்கே வோல்டேஜ் குறைவு. மெஷின்களை ஒவ்வொன்றாகத்தான் போட முடிந்தது, இரண்டு முறை அணைத்துப் போட வேண்டியதாயிற்று என்று பிறகு தெரிந்தது. இங்கே காப்பியைக் குடித்தும் குடிக்காமலும் வைத்துவிட்டு எழுந்தார்கள். நான் என்ன செய்ய முடியும்? கையைப் பிடித்து உட்காரவைக்க நான் யார்?

கார் கிளம்புகிற நேரத்தில் மேனேஜர் ஓடிவந்தார். தலையெல்லாம் பஞ்சு. வெள்ளைச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. கார் ஜன்னலில் குனிந்து, கும்பிட்ட கையோடு, “வாங்க... வாங்க...” என்றார். போகிறவர்களைப் பார்த்து ‘வாங்க’ என்ற மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பையனின் அப்பா, “போயிட்டு வர்றமுங்க” என்றார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

சரக்கு லாரி ஏறியது. போனஸும் கிடைத்தது. டெய்லர்கள் வீட்டில் எல்லாம் நோம்பிக்குப் புதுத்துணி. தரகர் மூலமாக வந்த சொல் இவ்வளவுதான்: பெண்ணைப் பிடித்திருந்ததாம், ஆனால் பெண்ணைப் பெற்றவர் வாயில் ஒரு ‘வாங்க’ வரவில்லையாம். மேனேஜர் இரண்டு தடவை வெள்ளகோவிலுக்குப் போய்ப் பார்த்தார். அவர்கள் வாங்க என்று கேட்டு, காப்பி கொடுத்து, நல்லபடியாகத் திருப்பி அனுப்பினார்கள்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையில் தப்பு எங்கே என்று உடனே தெரிந்துவிடுகிறது. சுவிட்சை யார் வேண்டுமானாலும் போடலாம், ‘வாங்க’ அவர் மட்டுமே சொல்ல முடிந்தது. மாற்றிக் கொடுத்துவிட்டார் என்கிறார்கள். நூற்றுக்கு நூறு சரி. ஆனால் நான் ஃபியூஸைப் போக்கியிருந்தால் அந்த டெய்லர்கள் முகத்தில் யார் விழிப்பது என்று கேட்டால் நோட்டைப் புரட்டுகிறார்கள். பிற்பாடு அந்தப் பெண்ணைக் குண்டடத்துப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். நன்றாகவே இருந்தாள் என்று கேள்வி.

ஒன்றை மட்டும் நான் வகுப்பில் சொல்வதில்லை. தரகர் வந்துபோன மறுநாள் அவள் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு வந்தாள். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. தூக்குப்போசியை மேசைமேல் வைத்துவிட்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

“அடுத்தாப்ல பாக்க வர்றவங்கள இங்கயே வரச் சொல்லிப்போடுங்கப்பா. இங்கன்னா நீங்க வாங்கன்னு கேட்டுருவீங்க.”

மேனேஜர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “ஆகட்டும் கண்ணு” என்றார்.