இரண்டு கல் குறைவு

போன வாரம் திருப்பதியில் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் இருக்கும் செல்போன் கடையில் என் சார்ஜர் வயரை ஒட்டவைக்கக் கொடுத்தேன். கடைக்காரப் பெண் சால்டரிங் கம்பியை வைத்ததும் பிசின் புகை எழுந்தது. அது மூக்கில் ஏறிய கணம் கடைக் கண்ணாடிப் பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டேன். "தாத்தா, கூர்ச்சோண்டி" என்று அவள் நான் உட்கார ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். சர்க்கரை இறங்கிவிட்டதென்று நினைத்து ஒரு மிட்டாயும் கொடுத்தாள். வாங்கித் தின்றேன். உண்மைக் காரணத்தை அவளிடம் சொல்ல முடியவில்லை. உங்களிடம் சொல்லலாம்.

முன்பு சித்தூர் பக்கம் பங்காருபாளையத்தில் ஒரு மாங்காய் மண்டியில் நான் மேனேஜராக இருந்தேன். மேனேஜர் என்றால் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். கூடை எண்ணுவது, வைக்கோல் கட்டு எண்ணுவது, லாரி எண்ணுவது. லாரிகள் மொத்தம் நான்குதான்; அவற்றையும் தினம் காலையில் எண்ணுவேன். டிரைவர்கள் என்னைக் 'கணக்கு சார்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு பெயர் இருந்தது, அதை விடுங்கள்.

நான்கும் சரக்கோடு மொகிலி மலை ஏறி பெங்களூர் பக்கம் போகும். செல்போன் வந்துவிட்ட காலம்தான், ஆனால் மலையில் சிக்னல் கிடையாது. முதலாளி எங்கிருந்தோ பழைய சிபி ரேடியோப் பெட்டிகள் ஐந்து வாங்கி வந்தார். லைசென்ஸ் இல்லாமல் பேசக்கூடிய அலைவரிசை. சுருள் வயரில் மைக் தொங்கும். பொத்தானை அழுத்திப் பேச வேண்டும், விட்டால் கேட்கலாம். லாரிக்கு ஒன்று, மண்டியில் என் மேஜைமேல் ஒன்று. பெட்டிக்கு மேல் ஒரு பைசா செலவழிக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். வண்டி மூன்று கிலோமீட்டர் கல் தாண்டியதும் என் மேஜையில் வடை சுடுவது போன்ற இரைச்சல் மட்டும்தான் கேட்கும்.

அந்த ரேடியோவைச் சரிசெய்தே தீரவேண்டும் என்று என்னைத் துளைத்தெடுத்தவன் முனிரத்தினம். குடிபாலா ஊர்க்காரன், டிரைவர்கள் நால்வரில் மூத்தவன். "சார், கொஞ்சம் தூரம் கேக்கற மாதிரி பண்ணு சார். உனக்குத்தான் படிப்பு கீதே" என்று தினமும் வருவான். டிரைவர் ஒருவன் இவ்வளவு அக்கறையாக இருக்கிறானே என்று எனக்கு ஒரே பெருமை.

செலவில்லாமல் செய்தேன். பம்பரில் நின்ற ஏரியலைக் கேபின் கூரை நடுவுக்கு மாற்றினேன். நம் லாரிக் கேபின் மரச்சட்டத்தின்மேல் அடித்த தகரம். கூரைத் தகரத்துக்கும் அடியில் இருக்கும் சேஸிஸ் இரும்புக்கும் தொடர்பே இருக்காது, ஏரியலுக்கு எர்த் கிடைக்காது. பழைய கேபிளின் செம்பு வலையை உரித்து இரண்டையும் இணைத்தேன். ஏரியல் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி இரும்பைப் பளபளக்க வைத்தேன். யாரோ புண்ணியவான் போட்டிருந்த டிவி கேபிளைக் கழற்றி, ரேடியோவுக்கு உரிய பழைய கேபிளைத் தேடிப் போட்டேன். கரண்ட்டை ஹாரன் வயரிலிருந்து எடுக்காமல் நேராக பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வைத்து எடுத்தேன். எங்கள் சர்ச்சுக்கு வரும் ஒரு ரேடியோ பைத்தியக்காரரிடம் மீட்டர் இரவல் வாங்கி, ஏரியல் கம்பியை ஒவ்வொரு தடவையும் கால் அங்குலமாக வெட்டி அளந்தேன். சால்டரிங் புகையில் என் சட்டை எல்லாம் சாம்பிராணி போலப் பிசின் வாசனை. "கோயிலுக்குப் போனீங்களா, பட்டறைக்குப் போனீங்களா" என்று மனைவி கேட்டாள்.

பிறகு சோதனை. மலை ஏறும் டிரைவர் ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் அதன் எண்ணைச் சொல்ல வேண்டும். குரல் எந்தக் கல்லில் அறுகிறதோ, அதை நான் நோட்டில் எழுதுவேன். முனிரத்தினத்தின் மச்சான் சேட்டு இன்னொரு வண்டி ஓட்டினான். அவன் குரல் முப்பத்தாறாம் கல்வரை வந்தது. முனிரத்தினத்தின் குரல் முப்பத்துநாலில் அறுந்தது. ஒரே ஏரியல், ஒரே கேபிள், இரண்டு கல் குறைவு.

எனக்குத் தூக்கம் போயிற்று. மறுபடி சுரண்டினேன், மறுபடி ஒட்டினேன், பெட்டியையே மாற்றிப் பார்த்தேன். மூன்று வாரம். எப்போதும் இரண்டு கல் குறைவு. உண்மையான கோளாறு என்றால் ஒருநாள் ஒன்று, ஒருநாள் மூன்று என்று ஆட்டம் காட்டும். இது அசையவே இல்லை. அவ்வளவு ஒழுங்கான கோளாறை நான் பார்த்ததில்லை. ஒருநாள் பகலில் நானே அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். கிளீனர்களை முதலாளி முந்தின வருஷமே நிறுத்தியிருந்தார், அதனால் கேபினில் நாங்கள் இருவர் மட்டும்.

மலை அடிவாரத்தில் முனிரத்தினம் மைக்கில் "இருபத்தெட்டு" என்றான். நான் கல்லைப் பார்த்தேன். முப்பது என்று இருந்தது. மஞ்சள் தலை, வெள்ளை உடம்பு, புதுக் கறுப்பு எழுத்து. சித்தூருக்கு வெளியே சுற்றுச்சாலை போட்டதில் தூரம் கூடி, கல்லெல்லாம் இரண்டு எண் தள்ளி நட்டிருந்தார்கள். மண்டியில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியாது. ஆனால் தினமும் அந்த வழியில் போகிறவன்?

அடுத்த கல் முப்பத்தொன்று. அவன் "இருபத்தொம்பது" என்றான்.

ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு மேட்டைக் காட்டி, "அங்கே நிற்கிறானே, யார் அது?" என்று கேட்டேன்.

முனிரத்தினம் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினான். "எவனோ ஆடு மேய்க்கிறவன் சார்" என்றான்.

ரேடியோவில் முன்னால் போகும் சேட்டுவின் குரல் தெளிவாக வந்தது. "முனி, ரெண்டாவது வளைவுல பஸ்ஸு எறங்கிக்கினு வருது. இடது ஒட்டிக்கோ." முனிரத்தினம் இடது ஒட்டினான். பஸ் எங்களை உரசாத குறையாக இறங்கிப் போனது. முன்வண்டி பின்வண்டிக்கு வழி சொல்வது எவ்வளவு நல்ல பழக்கம் என்று முதலாளியிடம் மார்தட்டியவன் நான்.

"ஓரங்கட்டு" என்றேன். கட்டினான்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு சீசனு சார். ரோடு மசமசன்னு தெரியுது. கல்லுல எழுத்துதான் தெர்ல, பழைய கணக்க வெச்சு சொல்றேன்."

"பிறகு எப்படி ஓட்டுகிறாய்?"

"பதினோரு வளைவும் எனக்குத் தெரியும். எதிர்ல வர்றத சேட்டு சொல்லுவான். மின்ன அவன் ரெண்டு வளைவு தள்ளிப் போனா சத்தம் வராது, பயமா இருக்கும். நீ ரிப்பேர் பண்ணப்புறம் பயம் இல்ல சார்."

நன்றியோடுதான் சொன்னான். அதுதான் என்னை அடித்தது. நான் சுரண்டிய இரும்பும் ஒட்டிய செம்பும் சேர்ந்து, பார்வை போன ஒருவனைப் பத்து டன் சரக்கோடு மலைமேல் நடமாட விட்டிருந்தன.

மைக்கைப் பிடுங்கினேன். "சேட்டு, வண்டியை நிறுத்திவிட்டு இங்கே நடந்து வா."

"கல்ல பாத்துட்டியா சார்?" என்றான்.

நால்வருக்கும் தெரிந்திருந்தது. நோட்டுப் போட்டு எழுதியவனுக்கு மட்டும் தெரியவில்லை. சேட்டு வந்து மச்சானை நகர்த்திவிட்டு ஸ்டீரிங்கில் உட்கார்ந்தான். தன் வண்டியை மலையோரத்திலேயே விட்டு, மலைக்கு மேலிருக்கும் பலமநேர்வரை ஓட்டினான். இறங்கும்போது முனிரத்தினம் கேட்டான்: "ஓனர் கிட்ட சொல்லப் போறியா சார்?"

"சொல்லத்தான் வேண்டும்."

"ஸ்டீரிங்க உட்டுட்டு நான் இன்னா சார் பண்ணுவேன்? வேற எதுவும் தெரியாதே."

அன்று சாயங்காலமே முதலாளியிடம் சொன்னேன். மறுநாளே அவனை நிறுத்திவிட்டார். கண் டாக்டர், நரம்பு பட்டுப்போய்விட்டது, இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்றார். மற்ற மூவரும் என்னோடு பேசுவதை விட்டார்கள். நான் மைக்கில் கூப்பிட்டால் பொத்தானை ஒரு தடவை அழுத்துவார்கள். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முப்பத்தாறாம் கல்லிலிருந்துகூட அந்த 'டக்' அத்தனை துல்லியமாக வரும். நாற்பத்தொரு நாள் அப்படி.

நாற்பத்திரண்டாம் நாள் முனிரத்தினம் சுவரைத் தடவிக்கொண்டு மண்டிக்கு வந்தான். என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து மைக்கை எடுத்தான். "டேய் சேட்டு, கணக்கு சார் கூப்ட்டா வாயத் தொறந்து பேசுடா. ஊம வேஷம் போடறியா?" என்றான். அந்தப் பக்கம் மூன்று பேரும் ஒரே சமயத்தில் பொத்தானை அழுத்தியதில் யார் பேசியதும் புரியவில்லை. அன்று முதல் முனிரத்தினம் தினமும் மண்டிக்கு வந்து அந்த மைக் முன்னால் உட்கார்ந்தான். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே பாதிச் சம்பளத்துக்கு அவனை வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். மலையில் யார் எந்த வளைவில் வருகிறார்கள் என்பதை அங்கே உட்கார்ந்தபடியே சொல்லி, ஒருவரை ஒருவர் இடிக்காமல் ஏற்றி இறக்குவான். மூன்று சீசன் அப்படி நடந்தது. பிறகு மலைமேல் செல்போன் டவர் வந்தது. பெட்டிகளைப் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் போட்டார்கள்.

இப்போது மண்டி இல்லை, அந்த இடத்தில் கார் ஷோரூம். சேட்டுவும் இல்லை. முனிரத்தினம் குடிபாலாவில் மகள் வீட்டில் இருக்கிறான். மகள் போன மாதம் அவனைப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போயிருக்கிறாள். வந்ததும் எனக்குப் போன் செய்தான்.

"சார், மலையில ரோடு வளையவே இல்ல சார். நான் வலது வலதுன்னு சொல்லிக்கினே இருந்தேன், டிரைவர் பையன் சிரிக்கிறான்."

"சாலையை அகலப்படுத்தினார்களப்பா. பாறையை வெட்டி நேராக்கிவிட்டார்கள்."

"பதினொண்ணுமா?"

"இரண்டு இருக்கின்றன. நான் எண்ணினேன்."

"எந்த ரெண்டு?"

"முதலாவது ஒன்று. அப்புறம் ஏழாவது."

"ஏழாவதுன்னா புளியமரத்து வளைவு" என்றான். குரலில் சந்தோஷம் தெரிந்தது. "இன்ஜின் சத்தம் அந்த மரத்துல பட்டு வேற மாதிரி திரும்பி வரும் சார். அத வெச்சுத்தான் திருப்புவேன். அது கீதா?"

"இருக்கிறது" என்றேன்.

வளைவு இருக்கிறது. மரத்தை வெட்டிவிட்டார்கள். அவன் வளைவையும் மரத்தையும் சேர்த்துக் கேட்டான்; நான் வளைவுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.