மறு ஆட்டத்தன்று நெய்த அரை முழம்

என் வீட்டுக்காரர் கோல்கீப்பர் என்பதைக் கல்யாணத்துக்கு முன்னால் யாரும் எங்களிடம் சொல்லவில்லை. நல்ல நெசவுக்காரர், குடி கிடையாது, சீட்டு கிடையாது என்றார்கள். எல்லாம் உண்மைதான். பந்து உண்டு என்பதை மட்டும் விழுங்கிவிட்டார்கள்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு ஆண்கள் சேர்ந்து நடத்திய கிளப் அது. மாவட்ட லீகில் மூன்றாம் டிவிஷன். அதற்குக் கீழே டிவிஷன் இல்லாததால் அங்கே இருந்தார்கள் என்பேன் நான். பதினோரு பேரும் பட்டு நெய்கிறவர்கள். அமாவாசைக்குத் தறி ஓடாது, அன்றைக்குத்தான் ஆட்டம். மற்ற நாளில் விடியற்காலையில் செவிலிமேட்டுப் பக்கம் போய்ப் பாலாற்று மணலில் ஓடிவிட்டு வந்து தறிக்குழியில் இறங்குவார்கள். பந்து பிடித்துப் பிடித்து இவர் உள்ளங்கை சொரசொரத்துப் போகும். அந்தக் கையில் பட்டு இழை மாட்டினால் அறும். அதனால் தினமும் தேங்காயெண்ணெயில் சர்க்கரையைக் குழைத்துக் கையைத் தேய்த்துக்கொள்வார். ரேஷன் சர்க்கரை பாதி அவர் கைக்குப் போயிற்று. மீதியில் நாங்கள் காபி குடித்தோம். நான் சும்மா இருப்பேனா? தினமும் ஒரு பாட்டுப் பாடித்தான் டம்ளரை வைப்பேன்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு வருடம், மாவட்டக் கோப்பையில் இவர்கள் இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டார்கள். எல்லா டிவிஷனும் கலந்து ஆடுகிற கோப்பை அது. குருட்டு யோகம் பாதி, ஆற்று மணலில் ஓடிய ஓட்டம் பாதி. எதிரே வந்தது முதல் டிவிஷன் அணி, மெட்ராஸ் பக்கத்து மில் ஒன்றின் ஆட்கள். பந்து ஆடுவதற்கென்றே வேலை கொடுத்து வைத்திருந்தார்கள். தெருவே கெஞ்சிக் கேட்டதில் ஆட்டத்தை அமாவாசையன்று, எங்கள் ஊர் மைதானத்திலேயே வைத்தார்கள்.

அன்று படையலை முடித்துவிட்டு, மைதானத்தை ஒட்டியிருந்த உறவுக்காரர் வீட்டு மாடியில் பெண்களாக நின்று பார்த்தோம். முதல் டிவிஷன்காரர்கள் ஒவ்வொருவரும் நிலைக்கதவு உயரம். எங்கள் ஆட்கள் நாள் முழுக்கக் குழியில் உட்கார்ந்து கூன் விழுந்தவர்கள். ஆனாலும் முதல் கோல் எங்களுடையது. அதற்குப் பிறகு பந்து முழுக்க இவரிடம்தான் வந்தது. விழுந்து விழுந்து பிடித்தார். வீட்டில் ஒரு குடம் தண்ணீர் தூக்கச் சொன்னால் இடுப்பு வலிக்கிறது என்கிற மனுஷன்.

முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அவர்களில் ஒரு வழுக்கைத்தலைக்காரன் தலையால் முட்டி ஒரு கோல் போட்டுவிட்டான். கூடுதல் நேரம் ஆடியும் அப்படியே நின்றது. சமம் என்றால் மறுநாள் மறுபடியும் ஆட வேண்டும், அதுதான் அன்றைய விதி. அந்த வழுக்கையை நான் மாடியிலிருந்து திட்டிய திட்டில் பக்கத்தில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். இப்போது அவனை எங்கேயாவது பார்த்தால் கும்பிடுவேன்.

மறுநாள் என்றதும் இவர் முகம் செத்துப்போயிற்று. எங்கள் தறியில் ஒரு முகூர்த்தச் சேலை இருந்தது. எங்களுக்குத் தறியில் ஏற்றுகிற பாவும் பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்து வாங்குகிற முதலாளி, மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து எடுத்துப் போவதாகச் சொல்லியிருந்தார். வாலாஜாபாத்திலிருந்து பெண் வீட்டார் அன்றைக்கே அவர் வீட்டுக்கு வருகிறார்கள். இன்னும் ஒரு முழம் பாக்கி.

காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் நெய்தார். கரையையும் உடலையும் கோத்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு இழை ஓட்டுகிற நாடாவைத் தள்ளியது என் மாமியார். உச்சி சாய்ந்தபோது இன்னும் அரை முழம் நின்றது. கிளப்பின் கேப்டன், எதிர்வீட்டுக்காரர், வாசலில் வந்து நின்றார். தறியைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பிப் போனார். கேட்டிருந்தால்கூட இவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

எனக்குப் பொறுக்கவில்லை. பந்தை நான் திட்டலாம். அதற்காக இந்த மனுஷன் இப்படி ஊமையாய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியுமா? எழுந்திருங்கள், நான் உட்காருகிறேன் என்றேன்.

அந்த வீட்டில் மருமகள் நாடாவுக்குத் தார் சுற்றிக் கொடுப்பதோடு சரி. ஐயம்பேட்டையில் அப்பா வீட்டில் நான் தறி ஓட்டியவள், அதுவும் இதே கோர்வைச் சேலை; ஆனாலும் இங்கே யாரும் கேட்டதில்லை, நானும் சொல்லிக்கொண்டதில்லை. அதைவிடப் பெரிய விஷயம், ஒருவர் ஆரம்பித்த சேலையை நடுவில் இன்னொருவர் தொடமாட்டார்கள். இழையை நெருக்கப் பலகையை இழுத்து அடிக்கிற அடி ஆளுக்கு ஆள் வேறு. கை மாறிய இடத்தில் துணியின் அடர்த்தி மாறிப் பட்டையாகத் தெரியும். முதலாளி அதைக் கண்டுபிடித்தால் அந்த வீட்டுக்கு அடுத்த பாவு வராது.

இவர் அம்மாவைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தார்.

"கை மாறினா சேல காட்டிக் குடுத்துடும்மா. அப்புறம் நம்ம பொழப்பு?" என்றார்.

"இவரு அடிக்கிற அடிய நாள் பூரா சமையல்கட்டுலேர்ந்து கேட்டுக்கினுதான் அத்தை இருக்கறேன். எனக்கு அது தெரியும்," என்றேன்.

அத்தை மகனிடம் எழுந்திரு என்று கையைக் காட்டினார். என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார். "பாத்து அடிம்மா. உன் கோவத்த பலகையில காட்டாத."

இவர் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடினார்.

குழியில் இறங்கினால் மிதிக்கட்டைக்கு என் கால் எட்டவில்லை. அத்தை ஒரு மணைப்பலகையைத் தேடி எடுத்து உள்ளே போட்டார். முதலில் நாலைந்து இழை போட்டு நிறுத்தி, காதில் இருந்த அவர் அடியோடு என் அடியை ஒத்துப் பார்த்தேன். அத்தை குனிந்து துணியைத் தடவினார். ம் என்றார். அதற்குப் பிறகு கரைக்கு அவர் நாடா, உடலுக்கு என் நாடா. கல்யாணமாகி வந்த ஐந்து வருடத்தில் நாங்கள் சண்டையில்லாமல் அவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததே கிடையாது.

மைதானத்துச் சத்தம் காற்றில் வந்தது. ஊரே எங்கள் பக்கம். கத்தினால் நம் கோல், கப்பென்று அடங்கினால் அவர்கள் கோல். ஒருமுறை அடங்கிற்று. நான் பலகையை விடவில்லை. வெகுநேரம் கழித்து ஊரே இடிந்து விழுகிற மாதிரி ஒரு கூச்சல். என் கை என்னைக் கேட்காமல் பலகையை ஓங்கி அடித்துவிட்டது.

துணியில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. கோபத்தை அடக்கத் தெரிந்துகொண்டேன், சந்தோஷத்தை அடக்கத் தெரியவில்லை. அத்தை அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேலே ஓட்டு என்றார். பிறகு இன்னொருமுறை சத்தம் அடங்கியது. அதற்கப்புறம் எழவே இல்லை.

சேலையை அறுத்து எடுத்தபோது இவர் சேறும் வியர்வையுமாக வந்தார். இரண்டுக்கு ஒன்று. கோப்பை மில்லோடு போய்விட்டது. நான் எதுவும் சொல்வதற்குள் முதலாளி பின்னாலேயே வந்துவிட்டார்.

அவர் சேலையை வாசல் வெளிச்சத்தில் விரித்து, விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். விரல் அந்தக் கோட்டில் நின்றது. இவரை நிமிர்ந்து பார்த்து, இது என்ன என்று கேட்டார். இவருக்கு என்ன தெரியும்? முழித்தார்.

அத்தைதான் பேசினார். "மறைக்கறதுக்கு என்னா இருக்குது முதலாளி. புள்ள ஆடப் போயிட்டான், மருமவ உக்காந்தா. கோல் போட்டாங்கோ, அவ கை எகிறிடிச்சி."

நான் கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். முதலாளி கோட்டை விட்டுவிட்டுத் துணியை மேலும் கீழும் தூக்கிப் பார்த்தார். எந்த இடத்தில் கை மாறியது என்று கேட்டார். அத்தை துணியைக் காட்டி, நீங்களே பாருங்கள் என்றார். முதலாளி இவரையே கண்டுபிடிக்கச் சொன்னார். இவர் குனிந்து, சேற்றுக் கை படாமல், கண்ணை மட்டும் துணியில் ஓட்டினார். ரொம்ப நேரம் ஓட்டினார்.

"எனக்கே தெரியல முதலாளி," என்றார். தோற்று வந்த மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார்.

முந்தானையை முதலில் நெய்து வந்ததால் நான் நெய்தது உள்பக்கத்து முனை. கோடு இடுப்பில் செருகுகிற இடத்தில் போய்விடும் என்று முதலாளி சேலையை மடித்தார். வாசலில் இறங்கும்போது, அடுத்த தடவை இந்த வீட்டுக்கு இரண்டு பாவு அனுப்புகிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு பாவுக்கு இரண்டு தறி வேண்டும். மறுநாள் காலை கேப்டன் கடப்பாறையோடு வந்தார். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். முட்டி பெயர்ந்தவர்கள், கால் விந்துகிறவர்கள், அந்த ஒரு கோலைப் போட்டவர், எல்லோரும். எங்கள் கூடத்தின் மறுபக்கத்தில் எனக்குத் தறிக்குழி வெட்டினார்கள். நான் காபி போட்டேன். சர்க்கரை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அத்தை என்னைக் கூப்பிட்டுக் குழியின் விளிம்பில் உட்காரச் சொன்னார். ஒரு நூலை எடுத்து என் முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் பிடித்து அளந்தார். நூலை இவர் கையில் கொடுத்தார்.

"இதுக்கு மேல ஆழமா வெட்டாதப்பா," என்றார். "இது அவ குழி."