ஒளித்து வைத்த அத்தை

செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்த்துவந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்க மாட்டேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம், சனிக்கிழமை மாலைகளில் விடுதிக் கூடத்து டிவியில் படம் போட ஆரம்பித்தார்கள்.

ஒரு வாரம் ஹிட்லர் காலத்துப் படம். யூதர்களைத் தேடித் தேடிக் கொன்ற கதை என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வசனம் புரியவில்லை. கதவோரம் நின்று முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் இரண்டு குழந்தைகளைப் பரணில் ஒளித்து வைத்திருக்கிறாள். சிப்பாய்கள் வந்து கதவை இடிக்கிறார்கள். அவள் வாசலை மறித்து நிமிர்ந்து நின்று ஏதோ சொல்கிறாள். அவர்கள் திரும்பிப் போகிறார்கள்.

என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன். கூடவே ஒரு விசிலும். நம் ஊர்க் கொட்டகையில் வந்த பழக்கம்.

எல்லாத் தலைகளும் திரும்பின. ஆறாம் நம்பர் அறை அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். வருடாவருடம் மார்கழியில் வந்து தங்கும் வயதான வெள்ளைக்கார அம்மா. தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவார்.

"யோவ், முதல் நாள் முதல் ஷோன்னு நெனச்சியா?" என்று மேனேஜர் என்னை வெளியே இழுத்தார். "அந்தம்மாவே சின்ன வயசுல இப்படி ஒளிஞ்சிருந்து பொழச்சவங்கயா!"

எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. ஒருவர் பட்ட பாட்டுக்கு விசில் அடித்திருக்கிறேன். மறுநாள் காலை அவருக்கு டீயை வேறு யாரிடமாவது கொடுத்தனுப்பலாமா என்று யோசித்தேன். கடைசியில் நானே எடுத்துப் போனேன்.

"அம்மா, நேத்து தெரியாம பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க."

"நீங்க தட்டினது தப்பு இல்ல," என்றார். "எங்கள ஒளிச்சு வச்சிருந்த அத்தை படத்துல வர்ற மாதிரி நிக்கல. அவங்களுக்கு ரொம்ப பயம். சோல்ஜர் போனதும் வாந்தி எடுப்பாங்க. தினம் ராத்திரி திட்டுவாங்க, 'நாளைக்குப் போயிடுங்க'ன்னு. காலைல ரொட்டி கொண்டுவருவாங்க."

"எத்தினி நாளும்மா?"

"ரெண்டு வருஷம்."

துணிச்சல் என்றால் எனக்குப் படங்களில் பார்த்ததுதான். மார்பை நிமிர்த்தி நிற்பார்கள், பின்னால் இசை வரும். வாந்தி எடுத்துவிட்டு, மறுநாளைக்கு மாவு பிசையப் போகிற ஒருத்தியை எந்தப் படமும் எனக்குக் காட்டியதில்லை.

"அவங்க பேரு இன்னாம்மா?"

"தெரியாது. எனக்கு நாலு வயசு. அத்தைன்னுதான் கூப்பிட்டேன். போட்டோவும் இல்ல." டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் படத்துல இருக்கிறவ ரொம்ப அழகு. பார்த்துட்டே இருந்தா எங்க அத்தை முகம் போயிடும், அவ முகம்தான் வரும்னு பயந்துட்டேன். அதான் எழுந்து போனேன்."

யாரையும் துருவிக் கேட்டுப் பழக்கமில்லாதவன், எப்படியோ கேட்டேன்.

"எப்படி இருப்பாங்கம்மா? சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"குள்ளம். முன்பல் ஒண்ணு இல்ல. கையில வெங்காய வாசனை..."

தமிழில் வார்த்தை கிடைக்காத இடங்களில் தன் மொழியிலேயே சொல்லிக்கொண்டு போனார். நான் அவர் எதிரே தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.